மன்றத்துத் தரை

மாட்டுங்காவில் இருக்கும் அந்த மன்றத்தின் கட்டட வரலாறு என்று ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள். முதலில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, பிறகு தூண்கள் வைத்த கீழ்த்தளம், எண்பதுகளின் தொடக்கத்தில் மாடி, படிப்பகம், வளைந்த முகப்பு. வரைபடம் போட்டவர், கல் கொடுத்தவர், மின்விசிறி கொடுத்தவர் எல்லோருக்கும் படம். தரை மட்டும் தானாக முளைத்துவிட்டது போல, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு வயிறு எரிகிறது.

அந்த மொசைக் தரையைப் போட்டது என் அப்பா. ஆறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தாராவியிலிருந்து தினமும் நடந்தே போய், மழைக்கு முன்னால் முடித்துக் கொடுத்தார். மொசைக் போடுகிறவர்கள் மேடைப் பக்கம் தொடங்கி, குத்துக்காலிட்டுப் பின்னாலேயே நகர்ந்து வாசலுக்கு வருவார்கள். ஈரத்தை மிதிக்கக் கூடாது. கடைசிக் கட்டத்தை வாசலுக்கு வெளியே உட்கார்ந்துதான் போட வேண்டும். அப்பாவும் அப்படித்தான் வெளியே வந்தார்.

மன்றத்தின் செயலாளர் தரையைப் பார்த்துப் பூரித்துப்போய், "உன் பொண்ணு கல்யாணத்தை இங்கேயே வச்சுக்கோப்பா, நானாச்சு" என்றார். எங்கள் ஆட்களுக்கு அது போதும். பெரிய மனிதர் வாயால் சொல்லிவிட்டால் பத்திரம் எழுதின மாதிரி. ரெஜிஸ்டரில் எழுதச் சொல்லிக் கேட்டால் அவரை நம்பாதது போல் ஆகிவிடும் என்று அப்பா கேட்கவே இல்லை. எனக்கு மாப்பிள்ளை அமைந்ததும் நேரே அச்சகத்துக்குத்தான் போனார். பத்திரிகையில் மன்றத்தின் பெயரை என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட்டார். தாணே, கோவண்டி, செம்பூர் என்று வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கோடு வைத்துவிட்டு வந்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாவி கேட்கப் போனோம். நானும் கூடப் போனேன். செயலாளர் ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"அன்னிக்கு வேற பார்ட்டி புக் பண்ணியாச்சேப்பா. உன் பேரு எங்கேயும் இல்லையே?"

"நீங்கதானய்யா சொன்னிய" என்றார் அப்பா.

"சொன்னா? வந்து எழுதிக்க வேண்டாமா? அதுவும் தாராவிக் கூட்டம். தரையே பாழாயிடும்."

தரை பாழாகிவிடுமாம்! யார் போட்ட தரை ஐயா அது? நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதற்காக அவர்மேலும் எனக்கு இன்றுவரை ஆத்திரம்தான்.

எங்கள் சந்திலேயே தார்ப்பாய் கட்டிக் கல்யாணத்தை நடத்துவது என்று முடிவானது. முடிந்தவரை ஆள் விட்டுச் சொன்னோம். எல்லோருக்கும் சேதி எட்டவில்லை. கல்யாணத்தன்று காலையில் அப்பா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்குக் கிளம்பினார். பத்திரிகையைப் பார்த்து மன்றத்துக்கு வருகிறவர்களை எங்கள் சந்துக்கு அனுப்ப வேண்டும்.

"வேற யாரையாவது அனுப்புங்கப்பா" என்று அழுதேன்.

"பத்திரிகை வச்சது நானுல்லா? நம்ம சனம் ஊரான் பந்தியில போயி முழிச்சிட்டு நிக்கவா? முகூர்த்தத்துக்கு முந்தி வந்துருதேன் தாயீ."

முகப்புப் படியில் நின்றவரை, உள்ளே நடக்கும் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று வாட்ச்மேன் விரட்டியிருக்கிறான். சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் வெயிலில் நின்றிருக்கிறார். வந்தவர்களையெல்லாம் அனுப்பிவிட்டார். தாணேயில் இருக்கும் அவருடைய அக்கா மட்டும் வரவில்லை; ரயில் தாமதம். அக்காவை விட்டுவிட்டு எப்படி வருவார்?

இங்கே நேரம் போகிறது என்று எல்லோரும் பறந்தார்கள். அப்பாவின் இடத்தில் சித்தப்பா நின்றார். சந்து முனையைப் பார்த்துக்கொண்டேதான் நான் தாலிக்குக் கழுத்தை நீட்டினேன்.

பந்தி பாதி நடக்கும்போது அப்பா அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் கழுத்தைப் பார்த்தார்.

"முடிஞ்சிட்டா தாயீ?"

"முடிஞ்சிட்டுப்பா" என்றேன்.