டென்மார்க் மச்சாளின் வெள்ளிக்கிழமைப் பாட்டு

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. டென்மார்க்கிலிருந்து வந்திருந்த மச்சாளுக்கோ அது புதுப் பாட்டு வருகிற நாள். அங்கே பாடகர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல வெள்ளிக்கிழமையில்தான் பாட்டுகளை வெளியிடுவார்களாம். அவற்றைக் கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. எங்கள் ஊரான தன்னாமுனையில் வீட்டுக்குள் சிக்னல் பிடிக்காது. ஆகவே வெள்ளி பின்னேரங்களில் அவள் வாவிக்கரைக்குப் போவாள். கூடப் போகிற வேலை எனக்கு.

அந்த வேலையைத் தந்தது அம்மா. மாமா அம்மாவின் ஒரே தம்பி. சண்டைக் காலத்தில் டென்மார்க்குக்குப் போனவர், அந்த ஆடி மாதம்தான் முதன்முறையாக மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. தம்பியின் மகள் தன் மகனுக்குத்தான் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அது பிறந்தபோதே வந்த உரிமை. அண்ணன் செங்கலடியில் ஒரு ஹாட்வெயார் கடையில் சம்பளத்துக்கு நின்றான். மச்சாளைக் கட்டினால் அவனும் டென்மார்க் போவான், நாங்களும் தலையெடுப்போம் என்பது அம்மாவின் கணக்கு. அண்ணன் தன் பங்குக்கு, மாமா வந்த நாளிலிருந்து சவரம் செய்யாமல் முற்றத்துக்குக்கூட வருவதில்லை. அம்மாவை உறுத்தியது மச்சாளின் காதில் எப்போதும் தொங்கிய அந்த ஹெட்செட் மட்டும்தான்.

“அதுக்குள்ள ஆர் கதைக்கிற எண்டு பாத்துட்டு வந்து சொல்லுகா,” என்றார் என்னிடம்.

எனக்குப் பத்து வயது. உளவு பார்க்கக் கசக்குமா?

கரையில் கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு தோணியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதில் ஏறி உட்கார்ந்ததும் மச்சாள் கேட்காமலே ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை என் காதில் மாட்டிவிட்டாள். அதுவரை எனக்குத் தெரிந்த பாட்டு இரண்டு வகைதான். கோயில் ஸ்பீக்கரில் போடுவது ஒன்று, அண்ணன் போடுகிற சினிமாப் பாட்டு மற்றொன்று. இரண்டுமே காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இது அப்படியில்லை. முதலில் ஒன்றுமே கேட்கவில்லை; பழுதாகிவிட்டதென்று நினைத்தேன். பிறகு தூரத்தில் போட் எஞ்சின் ஓடுவதுபோல ஒரு சத்தம் மெல்ல வந்து நெஞ்சுக்குள் இறங்கியது. அதன்மேல் ஒரு பெண் ரகசியம் சொல்வதுபோலப் பாடினாள். நடுவில் எல்லாம் நின்று, வாவித் தண்ணீர் தோணியில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் பாட்டில் சேர்த்தியென்றே நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. கவலையால் இல்லை, அவ்வளவு பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை தொடங்கியது.

“ஆம்புளையா பொம்புளையா பாடுற?”

“பொம்புளம்மா. ஆனா கூடுதலா மெசின்தான் பாடுற.”

அம்மாவுக்கு நிம்மதி. மெசினோடு யார் ஓடிப்போகப் போகிறார்கள்!

அடுத்தடுத்த வெள்ளிகளில் நான் பெரிய ரசிகை ஆகிவிட்டேன். புதுப் பாட்டுகளை வரிசையாகக் கேட்டு, “இது போன கிழமையான் மாதிரியே கிடக்கு” என்று கழித்துவிடுகிற அளவுக்கு வந்தேன். மச்சாளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். நான் கழித்தால் கண்ணை மூடிச் சிரிப்பாள், தலையசைத்தால் மறுபடி போடுவாள். பாட்டைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஒரு பாட்டு மட்டும் வேறு. மற்றவற்றுக்கெல்லாம் படமும் பேரும் இருக்கும். இதற்கு ஒன்றுமில்லை, வட்ஸ்அப்பில் வந்தது. ஒரு கீபோர்ட், ஒரு ஆண் குரல், இடையில் யாரோ கதிரையை இழுக்கிற சத்தம். மற்றப் பாட்டுகளைவிட அதைத்தான் மச்சாள் அடிக்கடி போட்டாள். அதையும் அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். “ஆம்புளதான் பாடுற. ஆனா பாவம், காய்ச்சல்காரன் மாதிரிப் பாடுற” என்றேன். அம்மா சிரித்துவிட்டுத் தேங்காய் துருவப் போனார்.

அவர்கள் திரும்பிப் போவதற்கு முந்தின வெள்ளி, மச்சாள் புதுப் பாட்டு எதையும் தேடவில்லை. அந்தப் பேரில்லாத பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டு, அதில் ஒரு வரியை எனக்குப் பழக்கினாள். “கொம் யெம், யாய் வெந்தா.” நான் பிழையாகச் சொன்னால் தொடையில் தட்டி மறுபடி சொல்லவைத்தாள். இருட்டும் நேரத்தில்தான் அவளுக்குத் திருப்தி வந்தது.

“நாளைக்கு அப்பா சாப்பிட்டு முடிய நீ பாடு, மச்சாள். சத்தமாப் பாடு,” என்றாள்.

மறுநாள் எங்கள் வீட்டில் விருந்து. இறால் கறி, மீன் பொரியல், கடைசியில் எருமைத் தயிர். அம்மா என்ன கேட்கப்போகிறார் என்பது தெரிந்தே நெருங்கிய சொந்தம் எல்லாம் வந்திருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் அம்மா பித்தளை வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து, புதுச்சேலை சரசரக்க வந்து தம்பிக்கு முன்னால் நின்றார். எங்கள் வீடுகளில் சம்பந்தம் கேட்பது அப்படித்தான். வட்டாவை நீட்டி விஷயத்தைச் சொல்வார்கள். எதிரே இருப்பவர் வெற்றிலையை எடுத்தால் சரியென்று பொருள், அதன்பிறகு பேச்சு மாறாது. அண்ணன் கதவுக்குப் பின்னால் நின்றான்.

“தம்பி, ஒண்ட புள்ளய என்ட மகனுக்குத் தா,” என்றார் அம்மா.

மாமா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். மச்சாள் என்னைப் பார்த்தாள். நான் பாடினேன்.

மாமாவின் கை வட்டாவுக்கு மேலே அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். டெனிஷில் ஏதோ கேட்டார். அவள் தலைகுனிந்து பதில் சொன்னாள். கொஞ்சமாகத்தான் சொன்னாள்.

“என்னவாம் தம்பி? புள்ள என்ன பாடுற?” என்று கேட்டார் அம்மா.

“ஒண்டுமில்லகா அக்கா. அது குளிர் காலத்துப் பாட்டு,” என்றார் மாமா. “நான் இப்ப வெத்தில போடுறல்ல. பல்லு சரியில்ல.”

அம்மா வட்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று பின்னேரம் சட்டிபானை கழுவுகிற சத்தம் அயல் வீட்டுக்கும் கேட்டிருக்கும். விமான நிலையத்துக்கு வான் புறப்படும்போதுதான் வெளியே வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மச்சாள் தன் ஹெட்செட்டை எனக்குத் தந்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு அண்ணன் கட்டாருக்குப் போய்வந்து, செங்கலடியில் சொந்தமாகக் கடை போட்டான். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் டென்மார்க்கின் புதுப் பாட்டுகளைக் கேட்டபடி வீட்டுக்கு வருவேன். போன வருடம் மச்சாளின் கலியாண வீடியோ வந்தது. எல்லாரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். மெலிந்த வெள்ளைக்கார மாப்பிள்ளை கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, காய்ச்சல்காரனைப்போலப் பாடத் தொடங்கினான்.

“இந்தப் பாட்ட எங்கயோ கேட்ட மாதிரிக் கிடக்கே,” என்றார் அம்மா.

அந்த வரியின் பொருள் எனக்கு இப்போது தெரியும். வீட்டுக்கு வா, நான் காத்திருக்கிறேன். தகப்பனிடம் தானாகச் சொல்லத் துணிவில்லாதவள், அவரே யாரென்று கேட்கும்படி செய்வதற்காக அதை என் வாயில் வைத்து அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? என் குரல் நல்லது என்றுதான் அவ்வளவு பேருக்கு முன்னால் பாடச் சொன்னாள் என்று நினைத்தேன். மாமாவின் கை வட்டாவுக்கு மேலே நின்றபோது, பாட்டு அவருக்கும் பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்து, முன்னதைவிடச் சத்தமாக இன்னொருதரம் பாடினேன்.