சிவப்பு மையும் ஏஜண்டு நாற்காலியும்

எனக்குப் பாங்கியில் கணக்கு உண்டு என்று யாராவது சொன்னால், என் மனைவியின் தம்பி இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். அவன் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று மாதம் நான் பாங்கிக்குக் கடன்பட்டிருந்தேன். அந்த மூன்று மாதமும் என் பணம் தானாக வளர்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பிரம்பு நாற்காலி பின்னும் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு தகரக் கூரை, பிரம்பு ஊறுகிற ஒரு வாளி, பிறகு நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. தமிழ் படிப்பேன், இங்கிலீஷில் எண்கள் மட்டும் தெரியும். பேச்சு எனக்கு எப்போதும் வராது. நாற்காலி கொண்டுவருகிறவர்கள் ஓட்டையைக் காட்டினால் நான் தலையாட்டுவேன். இந்தத் தொழிலில் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை, அதனால்தான் இதில் நிலைத்தேன்.

சண்டை நடந்த வருஷங்களில் மலேயாவிலிருந்து பிரம்பு வரவில்லை. பழைய கூடைகளைப் பிரித்து, அந்தப் பிரம்பைக் கொண்டே காலம் தள்ளினேன். சண்டை முடிந்து கப்பல் வரத் தொடங்கியதும், அடையாற்றில் துரைமார் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து வேலை கிடைத்தது. அவர்கள் ரொக்கம் தரமாட்டார்கள், செக்குதான் தருவார்கள். அதற்காகவே மாட வீதிப் பக்கம் இருந்த ஒரு பாங்கியில் கணக்குத் திறந்தேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் விடுதியிலிருந்து எண்பது ரூபாய்க்குச் செக்கு வந்தது. அவ்வளவு பெரிய தொகையை நான் ஒரே காகிதத்தில் பார்த்ததில்லை. கத்தி, ஊசி, சுத்தியலோடு அதையும் பூஜையில் வைத்தோம். நான் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன். என் மனைவி நடுவில் தாராளமாகக் குங்குமம் வைத்தாள். பாங்கி திறந்த அன்று செக்கை ஜன்னலுக்குள் தள்ளிவிட்டு, யாரும் எதுவும் கேட்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். அந்தத் தைரியத்தில் பாரிமுனைப் பிரம்பு மண்டிக்காரருக்குத் தர வேண்டிய பழைய பாக்கிக்கு நானும் எழுபது ரூபாய்க்கு ஒரு செக்கு, மண்டிக் குமாஸ்தாவையே எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் பாஸ் புத்தகத்தைக் கொடுத்து வாங்கினேன். கடைசி வரி சிவப்பு மையில் இருந்தது. என் மனக்கணக்குப்படி மீதி இருபத்தெட்டு ரூபாய் இருக்க வேண்டும். புத்தகத்திலோ ஐம்பத்திரண்டு என்று போட்டிருந்தது. படித்தவர்கள் தவறாகவா போடுவார்கள்? அதோடு, சிவப்பு மை. நாங்கள் புதுக்கணக்குப் போடும்போது குங்குமம் வைப்பதைப் போல, நல்ல வாடிக்கைக்காரர்களுக்குப் பாங்கியில் மங்களமாக எழுதுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். என் மனைவியும் அதையே சொன்னாள். வெள்ளிக்கிழமை தோறும் புத்தகத்தை லட்சுமி படத்தின் முன் வைத்தோம். பாங்கியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதமும் வந்தது. பாராட்டாகத்தான் இருக்கும் என்று அதற்கும் குங்குமம் வைத்துப் படத்தடியில் சேர்த்தோம்.

அடுத்த மாதம் ஐம்பத்தைந்து. அதற்கடுத்த மாதம் ஐம்பத்தெட்டே சொச்சம். எல்லாம் சிவப்பில்.

"ஒரு காசு போடல, தானா வளருது பாத்தீங்களா? இதுல கைய வெக்காதீங்க" என்றாள் மனைவி. நாங்கள் இரண்டு வேளையும் கஞ்சி குடித்துக்கொண்டு அந்தப் பணத்தை வளர்த்தோம்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு விடுதியிலிருந்து ஆள் வந்தான். பொங்கல் கழிந்த மறுவாரம் பெரிய விருந்தாம். நாற்பது நாற்காலி பின்னித் தர வேண்டும். முடியாவிட்டால் மவுண்ட் ரோட்டுக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள், பிறகு என்னைக் கூப்பிட மாட்டார்கள். கடையில் இருந்த பிரம்பு ஒன்றரை நாற்காலிக்குத்தான் வரும். சரி, இப்போதாவது அந்தப் பணத்தில் கைவைப்போம் என்று மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தாவாக இருந்தான், செக்கு எழுதத் தெரிந்தவன். அவன் பாஸ் புத்தகத்தைத் திறந்தான். குங்குமம் அவன் மடியில் கொட்டியது.

"இன்னா மாமா இது? இது நீ பாங்கிக்குத் தர வேண்டிய பணம். இதுக்கா ஊதுவத்தி கொளுத்திக்கினு இருந்த?"

என் மனைவி அவனை நம்பவில்லை. "பொறாமையில பேசுறான்" என்றாள். அவன் விரல் வைத்துக் காட்டினான். விடுதிச் செக்கு என் கணக்கில் ஏறவே இல்லை. இருந்த பதினெட்டு ரூபாய்க்கு மேல் நான் எழுதிக் கொடுத்ததைப் பாங்கி தன் பணத்திலிருந்து கொடுத்திருக்கிறது. அதற்கு ஓவர் டிராப்ட் என்று பெயராம். வட்டியும் கட்டணமுமாக ஆறு ரூபாய் பதினோரு அணா என் தலையில் ஏறியிருந்தது.

"போயி கேளு மாமா. அந்தச் செக்க ஏத்தச் சொல்லு, புடிச்சதையும் திருப்பிக் கேளு. அப்பதான் உனக்குப் பிரம்பு."

"நீ கேளேன்" என்றேன்.

"என் கணக்கா அது?"

மூன்று வாக்கியம் சொல்லிக் கொடுத்தான். "ஐயா, நான் போட்ட செக்கு கணக்கில் ஏறவில்லை. அதனால் விழுந்த வட்டியும் கட்டணமும் என் குற்றமில்லை. அவற்றைத் திருப்பித் தர வேண்டும்." கடையில் இருந்த நாற்காலிகளை எதிரே வரிசையாக வைத்து ஒப்பித்துப் பார்த்தேன். அவை மரியாதையாகக் கேட்டுக்கொண்டன.

மறுநாள் பாங்கியில் ஒரு தூணை ஒட்டி நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துப் பியூன் வந்தான்.

"இன்னா நைனா, தூணுக்குத் துணையா நின்னுக்கினு கீற? உள்ள போ, ஏஜண்டு சும்மாதான் கீறாரு."

தள்ளிவிட்டான். பாங்கி மானேஜரை அப்போது ஏஜண்டு என்றுதான் சொல்வார்கள். உள்ளே ஏஜண்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "உக்காரும். என்ன விஷயம்?" என்றார். உட்காரலாம் என்று எதிர் நாற்காலியைப் பார்த்தேன். அதன் பிரம்பு அறுந்து நடுவில் பெரிய ஓட்டை. அதைப் பார்த்ததும் மூன்று வாக்கியமும் அந்த ஓட்டை வழியாகவே போய்விட்டன.

"நாற்காலி..." என்றேன்.

"ஓ, நாற்காலி பின்றவரா? நல்ல வேளை வந்தீர். போன வாரம்தான் ஒரு பெரிய மனுஷர் இதுல உக்காந்து உள்ள போயிட்டார். நாலு பேர் சேர்ந்து எடுத்தோம்."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைக்குப் போய் வாளியையும் பிரம்பையும் எடுத்துவந்து, மாலைவரை வராந்தாவில் உட்கார்ந்து பின்னிக் கொடுத்தேன்.

வீட்டில் மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள். "கேட்டீங்களா?"

"பின்னிட்டேன்."

"என்னத்த?"

"நாற்காலிய."

"கூலியாவது குடுத்தாங்களா?"

அதையும் நான் கேட்கவில்லை. அவள் அன்று கஞ்சிக்கு ஊறுகாய் வைக்கவில்லை.

இரண்டாம் நாள் வாசலிலிருந்தே வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டு போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஏஜண்டு எழுந்துகொண்டு, "பலே, பிரமாதமா பின்னியிருக்கீர்! என் நாற்காலியையும் பாத்துடும்" என்று தம்முடைய நாற்காலியை என் பக்கம் தள்ளினார். பழைய பிரம்பையெல்லாம் அறுத்து எடுத்துவிட்டு ஆரம்பித்தேன். பாதி வந்ததும் வாளியில் தண்ணீர்தான் மிச்சம். ஏஜண்டு அதுவரை நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் ஓய், பாதியில முழிக்கிறீர்?"

"பிரம்பு தீந்துபோச்சுங்க."

"போய் வாங்கிண்டு வாரும்."

"பணம் இல்லீங்க."

"நம்ம பாங்கியிலேயே கணக்கு வெச்சிருக்கீர்னு பியூன் சொன்னானே."

"கீதுங்க. செவப்பா கீது."

"ஏன் சிவப்பா இருக்கு?"

"நீங்கதான் எடுத்துக்கினீங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பாங்கி முழுக்க எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. நின்றால் ஓடிவிடுவேன் என்று தெரிந்ததால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு, மூன்று வாக்கியத்தையும் கடைசியிலிருந்து முதல்வரை தலைகீழாகச் சொல்லி முடித்தேன். பாஸ் புத்தகத்தையும் நீட்டினேன். அவர் மேஜை மேலும் குங்குமம் கொட்டியது.

அதைப் பார்த்ததும் தலைமைக் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "சார், அந்தக் குங்குமச் செக்கு!" என்று எழுந்து போய், சுவரில் இருந்த லட்சுமி படத்தைத் தூக்கினார். அதன் பின்னாலிருந்து காய்ந்த பூவோடு என் செக்கு வந்தது.

"தொகை மேலயே குங்குமம், எழுத்து தெரியலே. பாஸ் பண்ண முடியலே, கிழிச்சுப் போடவும் மனசு வரலே. படத்துக்குப் பின்னால வைன்னு நீங்கதான் சொன்னேள். இவருக்கு வேற செக்கு கேட்டு லெட்டர்கூடப் போட்டோமே."

நான் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். "இதுங்களா?" அதிலும் பொட்டு இருந்தது.

ஏஜண்டு உட்காருவதற்காகப் பின்னால் பார்த்தார். நாற்காலி பாதிதான் இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க லெட்டரை நீர் பூஜையில வெச்சீர், உம்ம செக்கை நாங்க பூஜையில வெச்சோம். மகாலட்சுமி ரெண்டையும் வாங்கிண்டு பேசாம இருந்துட்டா. தமிழ்ல கையெழுத்துப் போடற மனுஷருக்கு இங்கிலீஷ்ல லெட்டர் போட்டது எங்க தப்பு." விடுதிக்கு டெலிபோன் செய்து தொகையைக் கேட்டார். செக்கு ஏறியது. ஆறு ரூபாய் பதினோரு அணாவும் திரும்பி வந்தது. "சாயங்காலத்துக்குள்ள பிரம்பு வாங்கும். நாளைக்கு எனக்கு உக்காரணும்" என்றார்.

வீட்டில் மனைவி புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"கறுப்புலயா எழுதிக் குடுத்தாங்க? அதுவும் கொறஞ்சிபோயிருக்கு! இதுக்கா ரெண்டு நாள் போனீங்க?"

நாற்பது நாற்காலியும் விருந்துக்கு முந்தின நாள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன. ஏஜண்டு நாற்காலியை அதற்கு முன்பே முடித்துக் கொடுத்துவிட்டேன். அன்று கூலி கேட்பதற்கும் மூன்று வாக்கியம் தயார்செய்துகொண்டுதான் போனேன். அவர் உட்கார்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகப் பெருமூச்சு விட்டதும் சும்மா வந்துவிட்டேன். விருந்து முடிந்து இரண்டு நாள் கழித்து விடுதியிலிருந்து புதுச் செக்கு வந்தது. என் மனைவி குங்குமச் சிமிழோடு அடுப்படியிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தேன். செக்கைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் பாங்கிக்கு ஓடினேன்.