ஈயம் குளிரும் சத்தம்

நேற்று மகளின் பிறந்தநாள் கேக்கில் மெழுகுதிரிகள் அணைந்தபோது எழுந்த வாசம், நோர்வேயின் மோர்டென்ஸ்ருட்டில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில் முன்பு இருந்த கராஜ் வரிசைக்கு என்னைக் கொண்டுபோனது. அங்கே, என் சின்ன வயதில், பக்கத்து வீட்டு நோர்வேக்காரி இங்கர், எல்க் மான் வேட்டைக்காகக் கோடை முழுவதும் ஈயத்தை உருக்கி, மெழுகுத் துண்டு போட்டுக் கசடு நீக்கி, அச்சில் வார்த்து, குண்டுகள் இறுகவென்று சூட்டோடு தண்ணீர் வாளிக்குள் தட்டுவார். ஒவ்வொன்றும் சுர்ரென்று அடங்கும். போரில் செல்லடிக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மா, அந்தச் சத்தம் கேட்டால் யன்னலைச் சாத்திவிடுவார். ஒருநாள் அப்பா இங்கரின் கையிலிருந்து ஈய அகப்பையை வாங்கித் தானே வார்ப்பதைக் கண்டு அம்மா கீழே ஓடிவந்தார்.

"இஞ்சேருங்கோ, இவ்வளவு தூரம் ஓடிவந்தது குண்டு செய்யவோ?"

"இது மானுக்குத்தானே."

"எனக்கு எல்லாம் ஒண்டுதான்."

இலையுதிர்காலத்தில் இங்கர் கொடுத்த இறைச்சியை அம்மா மறுக்கவில்லை. கறித்தூள் பிரட்டுமுன் ஒவ்வொரு துண்டையும் விரலால் அமத்தி, உள்ளே ஈயம் கிடக்கிறதா என்று பார்த்தார். அப்பாவின் தொடையில் எடுக்கமுடியாமல் விட்ட துப்பாக்கிச் சன்னத்தையும், குளிருக்கு நோகும் நாட்களில், அம்மா அப்படித்தான் தடவிப் பார்ப்பார்.