எங்களுக்கு அங்கே அலுவலகம் கிடையாது

வட ஐரோப்பாவில் ஒரு சின்ன நிறுவனம். கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி வளர்ப்பவர்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் கருவிகள் விற்பார்கள். கருவி மக்கர் செய்தால் அந்த விவசாயிகள் எழுதும் புகார்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. கொரட்டூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து அதைச் செய்தேன்.

அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் கிளையோ பதிவோ எதுவும் இல்லை. அதனால் காகிதத்தில் நான் பெங்களூரில் இருக்கும் ஓர் இடைநிறுவனத்தின் ஊழியர். சம்பளம் போடுவதும் பி.எஃப். பிடிப்பதும் அவர்கள், வேலை சொல்வது வெளிநாட்டு முதலாளி. ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை.

முதலாளி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் விசாரித்தார். வேலை பெருகியதும் ஆள் பார்த்துத் தரச் சொன்னார். நாங்கள் முன்பு ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது பக்கத்து வீட்டில் வளர்ந்த பெண் ஒருத்தி, படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அவளைச் சேர்த்துவிட்டேன். படு சூட்டிகை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குப் பிறகு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். நான்தான் அவர்களுக்குத் தலைவி.

ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பது சிரமமாக இருந்தது. ஒருத்தர் வீட்டில் கரண்ட் போகும், இன்னொருத்தர் வீட்டில் குழந்தை அழும். "ஒரு ரூம் எடுத்துக்கலாமாக்கா?" என்று அந்த ஆவடிப் பெண்தான் முதலில் கேட்டாள். வீடியோ அழைப்பில் இருவரும் சேர்ந்து முதலாளியிடம் கேட்டோம். அவர் கைதட்டிச் சரி என்றார். கொரட்டூரிலேயே ஒரு ஹார்டுவேர் கடையின் மாடி அறை கிடைத்தது. வாடகையை ஐந்து பேரும் பகிர்ந்துகொண்டோம். கடைக்காரர்தான் வீட்டு ஓனர்.

"இன்னாமா, கம்பெனின்றே, ஒரு போர்டுகூட இல்லாம கீது? கொரியர்காரன் வந்தா எப்டி கண்டுபுடிப்பான்?" என்றார் அவர்.

அதுவும் நியாயமாகப் பட்டது. நிறுவனத்தின் பெயரை எழுதி வாசலில் மாட்டினோம். அன்று அவள் தன் கைபேசியை அதன் முன்னால் பிடித்து முதலாளிக்குக் காட்டினாள். "இந்தியாவில் நம் முதல் அலுவலகம்!" என்று அவர் சத்தமாகச் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

சில மாதங்களில் அவர் நிறுவனத்தை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவர்களின் வக்கீல்கள் எங்கள் மாடி அறையின் படத்தை இணையத்தில் பார்த்துவிட்டார்கள். எங்களில் யாரோ ஆசையாகப் போட்ட படம். இங்கே பெயர் போட்டு அலுவலகம் இருந்தால் நிறுவனமே இந்தியாவில் தொழில் நடத்துவதாக ஆகிவிடும், இங்கே வரி கட்டச் சொல்வார்கள் என்று அவர்கள் கிளப்பியிருக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது இடைநிறுவனத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தபோதுதான்.

"மேடம், யாரைக் கேட்டு அந்தப் பேர்ல ஆபீஸ் போட்டீங்க?"

"அவர்கிட்டதான் கேட்டோம். அவரையே கேளுங்க."

"கேட்டாச்சு மேடம். எங்களுக்கு அங்க ஆபீஸே கிடையாது, அவங்களா செஞ்சதுன்னு எழுதிக் குடுத்துட்டார்."

கூட இருந்த பெண்ணைக் கேளுங்கள், அவளுக்கு எல்லாம் தெரியும் என்றேன். போன் செய்தவள் சொன்னாள்: "அவங்களையும் கேட்டோம் மேடம். தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாங்க."

முதலாளியை அழைத்தேன், எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் என் கணினியில் எதையும் திறக்க முடியாமல் போனது. வேலையும் போனது.

மறுநாள் ரயிலேறி ஆவடியில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் ஆமான்னு சொல்லியிருந்தா எனக்கும் வேலை போயிருக்கும்க்கா. உங்களுக்கு மாமா சம்பளம் இருக்கு. எங்க வீட்ல நான் ஒருத்திதான்."

"சரி. அதை முன்னாடியே எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"அவர்தான் சொல்ல வேணாம்னார்."

அவள் பயந்து பொய் சொல்லியிருப்பாள் என்றுதான் அந்த நிமிடம்வரை நினைத்திருந்தேன். இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்ணும் நான் நம்பிய மனிதரும் என்னை என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். வந்த வழியே ஸ்டேஷனுக்கு நடந்தேன். அழுகைகூட வரவில்லை.

பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். என் பழைய இடத்தில் அவளைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள் என்று மற்றவர்கள் மூலம் தெரிந்தது. அடுத்த வருடம் அவளே கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றாள். "நீங்க வரலேன்னா எனக்கு மனசே ஆறாதுக்கா" என்று அழுதாள். வீட்டுக்காரர் போக வேண்டாம் என்றார். சின்ன வயதிலிருந்து பார்த்த பெண். மனசு கேட்கவில்லை, போனேன்.

திருவேற்காட்டு மண்டபத்தில் முதல் வரிசையில் அந்த வெளிநாட்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் குங்குமம். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கைகூப்பினார். நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. நான் நலம் விசாரிக்கவில்லை.

"அந்த அறைக்கு நீங்கள்தானே சரி சொன்னீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஆமாம்" என்றார், சாதாரணமாக. "அப்போது அதைச் சொல்லியிருந்தால் விற்பனை நின்றுபோயிருக்கும். வக்கீல்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. மற்றபடி உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை."

அவருக்கு என்மேல் வருத்தமில்லையாம்!

அவர் இல்லவே இல்லை என்று சாதித்திருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். மேடையேறி, அவள் தலையில் அட்சதை போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டுப் போங்கக்கா" என்றாள். தலையாட்டிவிட்டு, பந்திக்குப் போகும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.