வெள்ளி என்று எழுதியது நான்தான்

‘பொருளின் தன்மை’ என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அரை விரல் அகலம்கூட இருக்காது. அதற்குள் நான் ‘வெள்ளி’ என்று எழுதினேன். மூன்றே எழுத்து. அதற்காக ஒரு குடும்பம் பட்ட பாட்டையும், எங்கள் அலுவலகம் அடித்த கூத்தையும் நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன். முதல் பெயர் என்னுடையதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், செங்கல்பட்டிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் போய்ச் சேருகிற ஒரு வருவாய் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எனக்குச் சேலத்துப் பக்கம். கடலைப் பார்த்ததே வேலை கிடைத்த பிறகுதான். ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில், மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் வரைக்கும் கரையில் நின்ற பலபேர் வானத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார்கள். மெல்ல நகர்ந்து கடல் பக்கம் இறங்கியதாம். மறுநாள் பேப்பரில் ‘பறக்கும் தட்டு’ என்று வந்துவிட்டது. பக்கத்தில் அணு உலை வேறு இருக்கிறது, கேட்க வேண்டுமா? பார்த்தவர்களிடம் வாக்குமூலம் வாங்கி அனுப்பும்படி மேலிடத்து உத்தரவு வந்தது, கூடவே அந்தப் படிவமும். அதைத் தயாரித்த புண்ணியவான் வானத்தையும் பார்த்ததில்லை, மனுஷனையும் பார்த்ததில்லை போல. ‘பொருளின் எடை தோராயமாக எவ்வளவு’ என்று ஒரு கேள்வி. வானத்தில் போனதைத் தராசிலா வைக்க முடியும்?

வெளிச்சத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தவர் என்று ஊரே கைகாட்டியது, அந்த நேரம் கடலில் இருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு மீனவரை. நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். “பெரிய வெள்ளி ஒண்ணு சார். நம்ம மரத்தாண்ட எறங்கி தண்ணில வியுந்துச்சு” என்றார். மரம் என்றால் கட்டுமரம் என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அந்த மட்டும் கெட்டிக்காரன்தான். வெள்ளி என்று கட்டத்தில் எழுதிக்கொண்டேன். விழுந்த பொருள் தற்போது உம்மிடம் உள்ளதா என்பது அடுத்த கேள்வி. மனிதர் சிரித்துவிட்டார். வலையில் மாட்டியிருந்தால் விட்டுவிட்டு வருவேனா என்று கேலியாகக் கேட்டார். அந்தக் கேலியையும் நான் அட்சர சுத்தமாக எழுதினேன்: ‘வலையில் சிக்கியிருப்பின் விட்டிருக்க மாட்டேன்.’ வாசித்துக் காட்டினேன், தலையாட்டினார், கைநாட்டு வைத்தார்.

அது ஆங்கிலத்துக்குப் போனபோது வெள்ளி, சில்வர் ஆகிவிட்டது. அப்புறம் என்ன, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். வானத்திலிருந்து விழுந்தாலும் புதையல் புதையல்தான், அது அரசாங்கத்துக்குத்தான் சொந்தம் என்று எங்கள் தாசில்தார் சட்டப் புத்தகத்தைத் தட்டிச் சொன்னார். மீனவர் வீட்டை இரண்டு தடவை சோதனை போட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும், ஒளித்துவிட்டார் என்று முடிவு கட்டி, கட்டுமரத்தையும் வலையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வளாகத்து வேப்பமரத்தடியில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். வஞ்சிரம் கிடைக்கிற காலம் அது. அந்த வீட்டில் இருந்த ஒரே தொழில் சாமான் அந்த மரம்தான்.

கட்டுமரம் வந்த மூன்றாம் நாளிலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பொத்தேரியிலிருந்து மாணவர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். யாரோ ஒரு மகராசி அதன்முன் கற்பூரம் ஏற்றினாள். குழந்தைக்குப் பயந்த கோளாறு என்று ஒருவர் கட்டையிலிருந்து ஒரு சிராய் பெயர்த்துத் தாயத்தில் அடைக்கக் கொண்டுபோனார். குழந்தைக்குச் சரியாகிவிட்டதாம். போச்சா! அன்றிலிருந்து வந்தவன் போனவனெல்லாம் ஆளுக்கொரு சிராய். மரத்தைக் கட்டியிருந்த கயிற்றைக்கூட அறுத்துக் கையில் கட்டிக்கொண்டார்கள். அரக்கு முத்திரையை மட்டும் ஒருவரும் தொடவில்லை, அரசாங்க முத்திரை அல்லவா! காவலுக்குப் போட்டிருந்த வாட்ச்மேன் தன் பங்குக்கு ஒரு சிராயை மாமியாருக்கு அனுப்பினார். இதையெல்லாம் என் மேஜைக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நான் கோப்பு எழுதினேன்.

அந்த மீனவரின் மனைவி புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். எல்லாருக்கும் அவர் மீன்கார அக்கா, எனக்கும் அப்படித்தான். சொந்த மீன் இல்லாமல் போனதால் அடுத்தவர் மீனை வாங்கி விற்றுவிட்டு, தினமும் காலை பதினோரு மணிக்கு வந்து கூடையை வாசலில் வைத்துவிட்டு என் மேஜைமுன் நிற்பார். “இன்னிக்கு மரத்துல ஒரு முயம் போச்சு சார்” என்று கையால் முழம் போட்டுக் காட்டுவார். அவ்வளவுதான். ஒரு வாரம் இப்படி. எனக்கு எரிச்சலாகிவிட்டது. அந்த வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தால் தொல்லை விடும், உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லக்கூடாதா என்று சிடுசிடுத்தேன். எந்த வெள்ளி என்று கேட்டார். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக, உச்சி வெயில் காய்கிற வானத்தைக் காட்டினார்.

“வெள்ளின்னா அது சார். அங்க கீதே, பொய்து போனா மின்னிகினு. விடிவெள்ளின்னு நீ கேட்டதில்ல?”

கேட்டிருக்கிறேன். சேலத்தில் விடிவெள்ளி உண்டு. ஆனால் வானத்தில் மின்னுகிற எல்லாமே கடற்கரைக்காரருக்கு வெள்ளிதான் என்பது எனக்குத் தெரியாது. நட்சத்திரம் மாதிரி ஒன்று இறங்கியது என்று சொன்ன மனிதரை நான் வெள்ளித் திருடராக்கி வைத்திருக்கிறேன்.

அன்றே நேராகத் தாசில்தார் அறைக்குப் போய், ஐயா தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். பத்தடி தூரம். எனக்குத் தகுதிகாண் பருவம் முடிய நான்கு மாதம் இருந்தது. ஒரு மெமோ வந்தால் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகும். ஆகவே அக்காவிடம், மேலிடத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அதற்கப்புறமும் அவர் தினமும் பதினோரு மணிக்கு வந்து நின்றார், நானும் தினமும் அதையே சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, மனசு குடைந்ததால், ‘வட்டார வழக்கில் வெள்ளி என்பது நட்சத்திரத்தையும் குறிக்கக்கூடும் என அறியப்படுகிறது’ என்று ஒரு குறிப்பு வைத்தேன். யார் எழுதியது, யார் அறிந்தது என்று எதுவும் சொல்லாத தமிழ் அது. அதற்கு மேலிருந்து பதில் வந்தது: சம்பவம் நடந்தது செவ்வாய்க்கிழமை, வெள்ளி என்று பதிவாகியிருப்பது ஏன்? தலையில் அடித்துக்கொள்வதா, சிரிப்பதா? நான் இரண்டும் செய்யவில்லை. கோப்பைக் கட்டி வைத்தேன்.

இரண்டரை மாதம் கழித்து, அது வானிலைக்காக விட்ட பலூனாக இருக்கலாம் என்று ஒரு வரியில் விசாரணை முடிந்தது. மீனவரை வரச்சொல்லி, பொருள்களைப் பெற்றுக்கொண்டதாகக் கைநாட்டு வாங்கினோம். வேப்பமரத்தடியில் கிடந்தது கட்டுமரமே இல்லை. செதுக்கித் தின்ற விறகு. வலையை எலி கடித்திருந்தது. அவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எடுக்காமலே போய்விட்டார். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டினம் மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டார். சங்கரா மீன் கேட்டேன். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். அன்றைக்கு அடுத்தவர் போட்டில் கூலிக்கு ஏறியவர் இன்னும் கூலிக்குத்தான் போகிறாராம். எத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம், அதையே உளறிக்கொட்டினேன். “அக்கா, அந்த வெள்ளி விஷயம்... மேலிடம் இல்லை. தப்பு என்னோடது.”

அவர் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

“தெரியும் சார். ஆகாசத்த காட்டினேனே, அன்னிக்கே உன் மூஞ்சில தெரிஞ்சிச்சு. அதுக்கப்புறமும் தெனம் இன்னாத்துக்கு வந்தேன்னு நெனச்ச? மரத்த பாக்கவா? நீயா எழுந்து உள்ள போயி சொல்வேன்னு வந்தேன்.”