கிணறு மூச்சு விட்ட பிறகு

இளமதி தன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வாரம் ஒரு நிபுணரிடம் அரை மணி நேரம் பேசி, சமுதாய வானொலிக்குப் பதிவு செய்து தருவது அவள் வேலை. விண்வெளி, வேதாந்தம், நாட்டியம் என்று எதையெதையோ கேட்டிருக்கிறாள். பதிவைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், ‘இதையெல்லாம் கேட்க நீ யார்?’ என்று உள்ளே ஒரு குரல் குத்தும். அதனாலேயே யார் பேச்சிலும் குறுக்கிட்டதில்லை.

அன்று சிதம்பரம் கீழவீதியில், ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் கௌரிசங்கரின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு மூக்கைப் பற்றி வந்தது.

“மூக்கை நம்பறதுக்கும் ஒரு எல்லை இருக்கும்மா,” என்றார் அவர். “அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற வாயு இருக்கே, கொஞ்சமா இருந்தா நாறும். அளவு மீறினா மூக்கு மரத்துடும். நாத்தம் போயிடுச்சேன்னு ஆள் நிம்மதியா நிப்பான். நாலு மூச்சுல விழுந்துடுவான்.”

இளமதியின் கை போனைத் தேடியது.

அவள் அப்பா வைத்திலிங்கம் குடிகாட்டில் கிணறு தூர்வாருகிறவர். பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால், கூட்டாளிகள் விளிம்பில் குத்துக்காலிட்டுக் காத்திருப்பார்கள். அப்பா குனிந்து குனிந்து மோந்து பார்ப்பார். நாற்றம் அடங்கியதும், “கெணறு மூச்சு வுட்டுடிச்சு, எறங்குங்க” என்பார். அவர் மூக்குக்கு ஊரில் அப்படி ஒரு மரியாதை. காலையில் அவள் பஸ்ஸில் வரும்போதுதான் போனில் சொன்னார்: “முட்டை நாத்தம் கொடலப் பெரட்டுது எளமதி. மத்தியானத்துக்குள்ள அடங்கிடும்.”

மணி பன்னிரண்டரை.

“ஐயா, ஒரு நிமிஷம்,” என்று எழுந்தாள்.

அப்பா ஸ்பீக்கரில்தான் எடுத்தார். “என்னாடி, பெரிய மனுசங்க வூட்ல இருக்கேன்னியே?”

“அப்பா, நாத்தம் இருக்குதா?”

“சுத்தமா இல்ல. காலையிலேருந்து மோந்துக்கினே கெடக்கறேன், இப்ப ஒண்ணுமே தெரியல. மச்சான் சபாபதி எறங்கிட்டான். அவன் இடுப்புக் கயிறு எங்கையிலதான்.”

“அவுர மேல இழு.”

“இப்பதான் எறங்கனான். இழுத்தா மச்சான் என் பரம்பரையவே திட்டுவான்.”

“இழுப்பா! நாத்தம் போவல. ஒன் மூக்குதான் போயிருக்கு.”

“மச்சான்!” என்று அப்பா கிணற்றுக்குள் கூப்பிடுவது கேட்டது. மறுபடியும் கூப்பிட்டார். பிறகு, “கயிறு கனக்குது எளமதி,” என்றார். போன் மண்ணில் விழுந்தது.

பேராசிரியர் தன் போனில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டுக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். “யாரும் உள்ள இறங்கக் கூடாதுன்னு சொல்லும்மா. காப்பாத்தப் போறவனும் சேர்ந்துதான் விழுவான்.”

அவள் கத்தினாள். யார் காதில் விழுந்ததோ தெரியவில்லை. “நா எறங்கித் தூக்கியாறேன் மாமா,” என்றது கூட்டாளி அருள்முருகனின் குரல்.

“எவனும் எறங்கக் கூடாது!” அப்பாவின் குரல் உடைந்திருந்தது. “எம்பொண்ணு சொல்லுது. கயித்தப் புடிங்கடா.”

அதன்பின் கல்லில் கயிறு உராயும் சத்தமும், இழுக்கிறவர்களின் மூச்சும் மட்டும் வந்துகொண்டிருந்தன. இளமதி சபாபதியின் இருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அது இன்னும் வரவில்லை.