சீலிங்குக்கு மேலை

சீலிங்குக்கு மேலை என்ன இருக்கெண்டு ஒருத்தரும் பாக்கமாட்டினம். கட்டட வேலை செய்யிறவைக்கு அது பெரிய வசதி. நான் பாக்கிற ஆள். தீவுப்பக்கத்துக் கடைக் கட்டடங்களைப் பாத்து, சரியெண்டால் சான்றிதழிலை கையெழுத்து வைக்கிறதுதான் என்ரை உத்தியோகம். அதாலை என்னைக் கண்டால் கொஞ்சப்பேர் றோட்டு மாறிப் போவினம்.

நயினாதீவிலை ஒருத்தர் புதுக் கட்டடம் கட்டினவர். ஒரு பக்கம் பலசரக்குக் கடை, நடுவிலை இரும்புச் சட்டத்திலை பலகை அடிச்ச பாட்டிசன் சுவர், அங்காலை மகளின்ரை மருந்துக்கடை. காலமை பத்துமணிக்குப் பால் காய்ச்ச நாள் வைச்சு, ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு, அதுக்குப்பிறகுதான் என்னைக் கூப்பிட்டவர். முதற்படகிலை போனன். சோளகக் காத்து கடல்தண்ணியை அள்ளி அடிச்சது. இறங்கேக்கை சீலை முழுக்க உப்புத்தண்ணி. நானும் நல்ல குணத்திலை இல்லை.

ஏணியிலை ஏறி, சீலிங் பலகை ஒண்டைத் தள்ளிப்போட்டு ரோச் அடிச்சன். சுவர் சீலிங்கோடை முடிஞ்சிட்டுது. அதுக்கு மேலை கொங்கிறீற் வரைக்கும் நாலடி வெறும் வெளி. சுவரின்ரை தலை ஆடாமல் இருக்க, கொங்கிறீற்றுக்குச் சரிவாய் இரும்பு முண்டுகள் குடுக்கவேணுமெண்டு பிளானிலை கீறிக்கிடந்தது. மேலை ஒரு முண்டும் இல்லை.

"முண்டுகள் எங்கை?" எண்டு சுவர் அடிச்சவரைக் கேட்டன். அந்தாள் நிலத்தைப் பாத்தார். சுவரின்ரை சட்டங்கள் நீளமெண்டு படகுக்காரர் ஏத்தமாட்டன் எண்டிட்டாராம். இறங்குதுறையிலை வைச்சே எல்லாத்தையும் படகின்ரை அளவுக்கு வெட்டிப்போட்டினம். கொண்டுவந்து நிறுத்திப் பாத்தால் சீலிங் மட்டுந்தான் எட்டுது. சரி, முண்டுக்கெண்டு வந்த சட்டங்கள்? அதுகள் வாசலிலை கடைப் பெயர்ப்பலகையைத் தாங்கிக்கொண்டு நிண்டுதுகள். எனக்கு விசர் வந்திட்டுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்ச மாதிரி, வடிவாய் வெள்ளைச் சீலிங் வேறை.

"தங்கச்சி, இது பலகைச் சுவர்தானே. விழுந்தாலும் ஆரின்ரை மண்டை உடையப்போகுது?" எண்டார் முதலாளி.

"சுவர் பாரமில்லை, அண்ணை. அதிலை நீங்கள் பூட்டியிருக்கிற இறாக்கைத் தட்டுகளும் மருந்துப் போத்திலும் பாரம். அதுக்குக் கீழை நிக்கப்போறது உங்கடை மகள்."

வாசலிலை சனம் கூடிட்டுது. ஐயர் ரண்டுதரம் மணிக்கூட்டைப் பாத்தார். என்ரை கையெழுத்தில்லாமல் கடை திறக்கேலாது.

"நாளைக்கே முண்டு போடுவிக்கிறன், அம்மாளாணை. இண்டைக்குக் கையெழுத்தை வையும்."

பேனையைத் திறந்தனான். அதை மறைச்சென்ன. நல்ல காரியத்தைக் கெடுத்தவள் எண்டு அவ்வளவு சனத்துக்கு முன்னாலை பேர் வாங்கப் பயந்தனான். சுவர் இவ்வளவு நாளும் நிண்டதுதானே எண்டு எனக்கு நானே கதை சொன்னன். படிச்ச படிப்பெல்லாம் அந்த நேரத்திலை எங்கை போனதோ தெரியாது.

நான் கையெழுத்து வைக்காமல் பேனையோடை நிக்க, பலசரக்குக் கடைக்குள்ளை மூண்டு கல்லு வைச்சுப் பால் காய்ச்சினவை. எரிச்ச தேங்காய்ப் பொச்சு ஈரம்போலை, புகை கண்ணைக் கரிச்சுது. புகை போகட்டுமெண்டு ஆரோ கடல்பக்கச் சட்டரையும் தூக்கிவிட்டினம். வாசல் சட்டர் ஏற்கெனவே திறந்தபடி. சோளகம் அப்பிடியே உள்ளை வந்து ஏறினது. சீலிங் பலகைகள் படபடவெண்டு அடிச்சுது. அண்ணாந்து பாத்தன், சுவரின்ரை தலை மருந்துக்கடைப் பக்கம் சரியுது.

மகள் அங்காலை இறாக்கைக்குக் கீழை குந்தியிருந்து போத்தில் அடுக்கிக்கொண்டிருந்தவள்.

முதலாளி எனக்கு முந்தி மருந்துக்கடைக்குள்ளை பாஞ்சார். ரண்டு கையையும் இறாக்கையிலை குடுத்து நிண்டார். நானும் பக்கத்திலை தோளைக் குடுத்தன். பாரம் முதுகெலும்பு வரைக்கும் இறங்கினது. அந்தப் பெட்டை விழுற போத்திலைப் பிடிக்கப் பாக்குது.

"போத்திலை விட்டிட்டு வெளியாலை போ, பிள்ளை," எண்டார். அவள் தகப்பன்ரை காலுக்குள்ளாலை தவண்டு போனாள்.

சுவர் அடிச்சவர் ஓடிப்போய்க் கடல்பக்கச் சட்டரை இழுத்து மூடினார். காத்து அடங்கினது. எண்டாலும் நானும் முதலாளியும் இறாக்கையை விடேல்லை, விடப் பயம். சுவரடியிலை உடைஞ்ச போத்திலின்ரை இருமல் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. திறந்த பேனை இன்னும் என்ரை விரலுக்கிடையிலை இருந்தது.

அவர் அதைப் பாத்தார்.

"தங்கச்சி," எண்டார், "கையெழுத்து வைக்காதையும்."